பெட்டை நாயை மருந்து கொடுத்துப் பருவத்துக்குக் கொண்டுவரலாமா?

2 ஜூன் 2023, ஆத்தூரிலிருந்து வந்த கேள்வி

எங்கள் வீட்டு லேப்ரடார் பெட்டைக்கு 2 வயது 4 மாதம் ஆகிறது. 11ஆவது மாதத்தில் முதல் முறையும், 18ஆவது மாதத்தில், அதாவது சென்ற ஆகஸ்டில், இரண்டாம் முறையும் பருவத்துக்கு வந்தது. அதன் பிறகு பத்து மாதமாக ஒன்றும் இல்லை. மாட்டுக்குப் பருவம் வருவதற்காகப் போடும் அதே ஊசியை நாய்க்கும் போட்டால் ஒரு வாரத்தில் வந்துவிடும், செலவும் குறைவு என்று இங்கே பழக்கமான ஒருவர் சொல்கிறார். அனுபவமுள்ள அண்ணன்மார் யாராவது இது சரிதானா என்று சொல்லுங்கள்.

2 ஜூன் 2023, இரவு

அந்த ஊசியைப் போடாதீர்கள் தம்பி. காரணத்தை நாளை விரிவாக எழுதுகிறேன். நாளைக் காலையிலேயே போட்டுவிடப் போகிறீர்களோ என்ற கவலையில் இதை மட்டும் இப்போதே எழுதுகிறேன்.

3 ஜூன் 2023

நம் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு கறவை மாடு இருப்பதால், பருவம் என்றாலே மாட்டின் கணக்கைத்தான் எல்லோரும் நாய்க்கும் போடுகிறோம். மாடு 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வருகிறது. வராமல் நிற்கிற மாட்டின் சினைப்பையில், முட்டை வெளியேறிய இடத்தில் உண்டான மஞ்சள் திரள் ஒன்று பெரும்பாலும் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து சுரக்கிற புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்தான் அடுத்த பருவத்தைத் தடுத்துக்கொண்டிருக்கும். நீங்கள் சொல்லும் ஊசி புரோஸ்டாகிளாண்டின் வகையைச் சேர்ந்தது. அது அந்தத் திரளைக் கரைத்துவிடுவதால், தடை நீங்கிய மாடு இரண்டு முதல் ஐந்து நாளுக்குள் பருவத்துக்கு வந்துவிடுகிறது.

நாயின் உடல் இப்படி இயங்குவதில்லை. முன்பருவம் ஏறக்குறைய 9 நாள், ஆணை ஏற்கும் பருவம் ஏறக்குறைய 9 நாள், பிறகு சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் இரண்டு மாதம் புரோஜெஸ்டிரோன் ஓங்கியிருக்கும் காலம், அதற்கும் பிறகு நான்கைந்து மாதம் சினைப்பை உறங்கிக் கிடக்கும் ஓய்வுக் காலம் என்று அதன் சுற்று நடக்கிறது. இவை எல்லாம் சேர்ந்து சராசரியாக ஏழு மாதம். ஐந்து மாதத்தில் வருகிற நாயும் உண்டு, பன்னிரண்டு மாதம் எடுத்துக்கொள்கிற நாயும் உண்டு. ஓய்வுக் காலத்தில் இருக்கும் நாயின் சினைப்பையில் கரைப்பதற்கு மஞ்சள் திரளே இராது. ஆகவே அந்த ஊசியால் பருவம் வராது. வாந்தி, பேதி, மூச்சிரைப்பு, வாயில் நீர் ஒழுகுதல் ஆகியவைதான் வரும்; மாட்டைவிட நாயின் உடல் இந்த மருந்துக்கு மிகவும் கூசும் என்பதால் அளவு சற்று மிகுந்தாலும் உயிருக்கே ஆபத்து. நமக்குத் தெரியாமல் நாய் சினையாக இருந்தால் கருவும் கலைந்துவிடும்.

4 ஜூன் 2023

நேற்று எழுதியதில் முதலில் சொல்லியிருக்க வேண்டியதை விட்டுவிட்டேன். உங்கள் நாய் பருவத்துக்கு வரவில்லை என்பது உறுதியா, அல்லது வந்ததை வீட்டில் யாரும் பார்க்கவில்லையா?

இதை நான் கேட்பதற்குக் காரணம் என்னுடைய தேனுதான். ஏற்காடு மலையில் நாகலூருக்கு மேலே எங்கள் காப்பித் தோட்டத்தில் வளர்ந்த அல்சேஷன் பெட்டை அது. 2019 மே மாதத்தில், பத்து மாதமாகப் பருவமே இல்லை என்று சொல்லி அதைச் சேலத்துக்குக் கொண்டுபோனேன். மருத்துவர் முதலில் ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் பார்த்துவிடலாம் என்றார். மே 8ஆம் தேதி எடுத்த ரத்தத்தில் அளவு 18 நானோகிராம் என்று வந்தது. ஓய்வில் இருக்கும் நாய்க்கு அது 1க்குக் கீழே இருக்க வேண்டும். அப்படியானால் கடந்த இரண்டு மாதத்துக்குள் தேனு பருவத்துக்கு வந்து, முட்டையும் விட்டு, எல்லாம் முடிந்திருக்கிறது.

வீட்டுக்குத் திரும்பிய பிறகு யோசித்துப் பார்த்தேன். ஏப்ரல் நடுவில் பூ மழை பெய்த சமயம் அது. மழை விழுந்து எட்டாம் நாள், பத்தாம் நாள் காப்பி பூக்கும் என்பதால் நாங்கள் எல்லோரும் தோட்டத்திலேயே கிடந்தோம். தேனு வேலையாட்களின் லைன் வீட்டுப் பக்கம் படுத்திருந்தது. சுத்தமாக நக்கிக்கொள்கிற நாய் என்றால் தரையில் ஒரு சொட்டுக்கூட விழாது. அடர்ந்த முடி உள்ள நாய்க்குப் பிறப்புறுப்பின் வீக்கமும் வெளியே தெரியாது. சமைக்கிற அம்மா மட்டும், நாய் நான்கைந்து நாள் வாலைத் தூக்கிக்கொண்டே நின்றது என்று பிறகு சொன்னார்.

ஆகவே ஊசியைப் பற்றி யோசிக்கும் முன் ஒரு புரோஜெஸ்டிரோன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பெண்களுக்குப் பார்க்கிற அதே பரிசோதனைதான் இது. கால்நடை மருத்துவர் ரத்தம் எடுத்துக் கொடுத்தால் நகரத்து லேபுகளில் பார்த்துத் தருவார்கள். எப்போதும் ஒரே லேபில் பாருங்கள். லேபுக்கு லேப் கருவி மாறினால் எண்ணும் மாறும். அறிக்கையில் அலகு என்ன என்பதையும் கவனியுங்கள். மில்லிலிட்டருக்கு 1 நானோகிராம் என்பது லிட்டருக்கு 3.18 நானோமோல் ஆகும், இதைக் கவனிக்காமல் குழம்பியவர்கள் பலர்.

4 ஜூன் 2023, மாலை

அதே ரத்தத்திலேயே தைராய்டும் பார்த்துவிடுங்கள். பருவம் தள்ளிப்போகிற நாய்களுக்கு அதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

7 ஜூன் 2023

ஆத்தூர்த் தம்பி இன்று எழுதியதைப் படித்ததும், தைராய்டு பற்றி 4ஆம் தேதி மாலை நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். தோல் அரிப்புக்காக ஜனவரி முதல் தொடர்ந்து ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து வருவதாக அவர் சொல்கிறார். ஐந்து மாதம் ஸ்டீராய்டு சாப்பிட்ட நாய் பருவத்துக்கு வராமல் இருப்பதில் வியப்பே இல்லை. சினைப்பையைத் தூண்டும் சுரப்புகள் மூளைக்கடியில் உள்ள பிட்யூட்டரியிலிருந்து வர வேண்டும். ஸ்டீராய்டு அங்கேயே அவற்றை அடக்கிவிடுகிறது. அதே ஸ்டீராய்டு ரத்தத்தில் தைராய்டு அளவையும் குறைத்துக் காட்டும். இப்போது பரிசோதித்தால் குறைவு என்று வரும், அதை நம்பி வாழ்நாள் முழுவதும் தைராய்டு மாத்திரை கொடுக்க நேரும். ஸ்டீராய்டு நின்று சில வாரங்கள் ஆன பிறகுதான் அந்தப் பரிசோதனைக்குப் பொருள் உண்டு.

ஆனால் மாத்திரையை நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். நீண்ட நாள் கொடுத்ததைப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். எப்படிக் குறைப்பது என்பதை அரிப்புக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவரிடமே கேளுங்கள். அரிப்பு உண்ணியால் வருகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஆத்தூர் வெயிலில் உண்ணிக்குக் குறைவிராது.

11 ஜூன் 2023

நாமக்கல்லிலிருந்து ஒரு நண்பர் கேட்கிறார்: "மாட்டு ஊசிதானே கூடாது? நாய்க்கென்றே பருவ ஊசி இருக்கிறதே, அதைப் போட்டால் என்ன?" இதற்கு விடையாக என் மிளகியின் கதையை எழுதுகிறேன். எழுதுவதற்குச் சுலபமான கதை அன்று.

மிளகி தேனுவுக்கு முன்னால் எங்களிடம் இருந்த அல்சேஷன். 2011இல் அதற்கு நான்கு வயது. பக்கத்துத் தோட்டத்து மேலாளரிடம் நல்ல ஆண் நாய் ஒன்று இருந்தது. எலும்பும் குணமும் அத்தனை சீராக அமைந்த நாயை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அந்த மேலாளருக்கு அக்டோபர் கடைசியில் குடகுக்கு மாற்றல் என்று உத்தரவு வந்தது. மிளகியோ ஜூன் மாதம்தான் பருவத்துக்கு வந்து போயிருந்தது. அடுத்தது ஜனவரிக்கு முன்னால் வர வாய்ப்பில்லை. அந்த ஆண் நாய் மலையை விட்டுப் போவதற்குள் சேர்த்துவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு. நாய்களுக்கு ஊசி போடுவதில் கைதேர்ந்தவர் என்று பெயர் பெற்ற ஒருவரிடம் போனேன். செப்டம்பர் கடைசி வாரத்தில் அவர் சினைக் குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கிற பி.எம்.எஸ்.ஜி. ஊசியை நாளுக்கு ஒன்றாக ஐந்து நாள் போட்டார். பிறகு கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து எடுக்கிற எச்.சி.ஜி. ஊசி ஒன்று. முன்னதாக ரத்தமும் பார்க்கவில்லை, பிறப்புறுப்பிலிருந்து செல்களை ஒற்றியெடுத்துப் பார்க்கிற ஸ்மியரும் எடுக்கவில்லை. பார்க்கச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

எட்டாம் நாள் பருவம் வந்தது. வந்தது என்று நான் மகிழ்ந்ததைத்தான் இன்றும் மன்னிக்க முடியவில்லை. பிறப்புறுப்பு சாதாரணமாக வீங்குவதைப்போல் இரண்டு மடங்கு வீங்கியது; ரத்தப்போக்கு 26 நாள் நிற்கவில்லை. மூன்று முறை இணை சேர்ந்தது, மூன்று முறையும் நன்றாகவே பூட்டிக்கொண்டது. சினை நிற்கவில்லை. நவம்பர் கடைசியில் மிளகி தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. திண்ணையில் வைத்திருந்த எனாமல் சட்டியைக் காலையில் நிரப்பினால் பத்து மணிக்குக் காலியாகிவிடும்; குடித்துவிட்டு அங்கேயே படுத்து, சட்டியின் விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டிருக்கும். மலையில் நவம்பர்க் குளிரில் எந்த நாயும் அப்படித் தண்ணீர் குடிக்காது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான்காம் நாள் சோற்றைத் தொடவில்லை. அன்று இரவே 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்துக்குக் கொண்டுபோனோம்.

கருப்பையில் சீழ். பயோமெட்ரா என்பார்கள். அறுவை முடிந்ததும் மருத்துவர் தட்டில் எடுத்துக் காட்டினார். விரல் தடிமனில் இருக்க வேண்டிய கருப்பைக் கொம்புகள் இரண்டும் நன்கு விளைந்த மரவள்ளிக் கிழங்கின் தடிமனில் இருந்தன. மிளகி பிழைத்துக்கொண்டது. 2018 வரை எங்களோடு இருந்தது, குட்டி இல்லாமல்.

12 ஜூன் 2023

நேற்றைய கதையில் என்ன தவறு நடந்தது என்பதைக் காரணத்தோடு சொல்ல வேண்டும்; இல்லாவிட்டால் அது வெறும் அச்சமூட்டலாகத்தான் நிற்கும்.

ஒரு பருவம் முடிந்ததும் கருப்பையின் உள்தோல் இரண்டு மாதம் புரோஜெஸ்டிரோனில் ஊறித் தடித்துக் கிடக்கிறது. அது உரிந்து, புதுத்தோல் வளர்ந்து பழைய நிலைக்கு வருவதற்குப் பருவத்திலிருந்து கணக்கிட்டால் நான்கு மாதம் ஆகும். குட்டி போட்ட நாய்க்கு ஐந்து மாதம்கூட ஆகும். ஓய்வுக் காலத்தில் கருப்பைக்குள் நடக்கிற வேலை இதுதான். மிளகிக்கு நான் கொடுத்தது மூன்று மாதத்துக்குச் சற்று அதிகம். புதுத்தோல் முழுவதும் வளராத கருப்பையின் மேல் பி.எம்.எஸ்.ஜி. தூண்டிய அளவுக்கு மீறிய ஈஸ்ட்ரோஜன் என்ற பருவ ஹார்மோனும், அதன் பின்னால் இன்னொரு சுற்றுப் புரோஜெஸ்டிரோனும் வந்து விழுந்தன. ஈஸ்ட்ரோஜன் இருக்கும்போது கருப்பை வாய் திறந்திருக்கும், கிருமி உள்ளே போகும். புரோஜெஸ்டிரோன் வந்ததும் வாய் மூடிக்கொள்ளும், கருப்பையின் எதிர்ப்புச் சக்தியும் குறையும். சீழ் பிடிக்க இதைவிட ஏற்ற இடம் வேறில்லை.

தோட்டக்காரர்களுக்கு ஒன்று சொன்னால் விளங்கும். காப்பி மொட்டு நீரில்லாமல் காய்ச்சலில் கிடந்து முற்றிய பிறகு விழுகிற மழைதான் பூவாகிறது. மொட்டு முற்றும் முன்னே அவசரப்பட்டுத் தெளிப்பு நீர் விட்டவர்கள், சரியாக விரியாமல் நின்றுபோன பூவையும் காய் பிடிக்காத கொத்தையும் பார்த்திருப்பார்கள்.

பழைய நாளில் ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற ஈஸ்ட்ரோஜன் மாத்திரையையும் இதற்குக் கொடுத்தார்கள். நாய்க்கு ஈஸ்ட்ரோஜன் மிகுந்தால் எலும்பு மஜ்ஜை ரத்தம் உண்டாக்குவதையே நிறுத்திவிடக்கூடும். யாராவது இப்போதும் அதைச் சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

13 ஜூன் 2023

மிளகிக்கு ஊசியால்தான் சீழ் பிடித்தது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. எந்த ஊசியும் போடாத, குட்டியே போடாத, வயதேறிய பெட்டைகளுக்கும் பருவம் முடிந்து நான்கு முதல் எட்டு வாரத்தில் பயோமெட்ரா வருகிறது. நான்கு வயது அதற்குச் சற்று இளமைதான், ஆனால் வராத வயதன்று. ஓய்வு முடியாத கருப்பைக்குப் பருவத்தை நான் அவசரமாகக் கொண்டுவந்தேன் என்பது மட்டும் உறுதி. நேற்று எழுதியதை இந்தத் திருத்தத்தோடு சேர்த்துப் படியுங்கள்.

18 ஜூன் 2023

மருந்தே கூடாது என்பது என் கருத்தன்று. மிளகிக்குப் பிறகு எட்டு ஆண்டு கழித்துத் தேனுவுக்கு நானே மருந்து கொடுத்துப் பருவம் வரவழைத்திருக்கிறேன். அதையும் முழுமையாக எழுதுவதுதான் நேர்மை.

இப்போது பெரும்பாலான மருத்துவர்கள் நாடுவது கேபர்கோலின். பிரசவமான பெண்களுக்குத் தாய்ப்பால் நிறுத்தவும், பால் சுரக்க வைக்கிற புரோலாக்டின் மிகுந்தவர்களுக்கும் கொடுக்கிற அதே மாத்திரை. பொய்ச் சினையால் மடியில் பால் கட்டிக்கொள்கிற நாய்க்கும் இதையே கொடுக்கிறார்கள். புரோலாக்டினைக் குறைப்பதால் பருவம் வருகிறது என்று முன்பு நினைத்தார்கள். மூளையில் சுரக்கிற டோபமைனைப் போல் இயங்கும் அந்த மருந்தின் குணமே பிட்யூட்டரியை எழுப்புகிறது என்று பிற்பாடு தெரிந்தது. உடம்பு தானே செய்ய வேண்டிய வேலையை உடம்பையே செய்ய வைக்கிறது என்பதால், இப்படி வருகிற பருவம் இயற்கைப் பருவத்தைப் போலவே இருக்கிறது, முட்டையும் முறையாக வெளிவருகிறது. பி.எம்.எஸ்.ஜி.க்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான்.

அளவு, நாயின் எடை ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மைக்ரோகிராம். மாத்திரையோ மனிதர்களுக்கானது, அரை மில்லிகிராம், அதாவது 500 மைக்ரோகிராம். தேனுவின் எடை 25 கிலோ. தேவை 125, கால் மாத்திரை. அந்தச் சிறிய மாத்திரையை நான்காக்குவது எத்தனை கடினம் என்பது செய்தவர்களுக்குத் தெரியும். வெள்ளைத் தாளின் மேல் வைத்து, புது பிளேடை நடுக்கோட்டில் பதித்து, ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். பாதி சரியாக வரும். பாதியைப் பாதியாக்கும்போது ஒரு துண்டு பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வந்து நடுவில் கொஞ்சம் மாவு உதிரும். அந்த மாவையும் விரலில் ஒற்றி, தயிர்ச் சோற்று உருண்டைக்குள் வைத்துத்தான் கொடுத்தேன். சிறிய நாய்களுக்கு இந்த வழி சரிப்படாது. மருத்துவர் கரைசலாகத் தயாரித்துக் கொடுப்பதே முறை. முதல் இரண்டு நாள் தேனு வாந்தி எடுத்தது, உணவுக்குப் பின் கொடுக்கத் தொடங்கியதும் நின்றது. இதே வகையைச் சேர்ந்த பழைய மருந்தான புரோமோகிரிப்டின் என்றால் வாந்தி இன்னும் கடுமையாக இருக்கும்.

மே மாதம் 18 இருந்த புரோஜெஸ்டிரோன் ஜூலை முதல் வாரத்தில் 0.5க்கு இறங்கியதைப் பார்த்து, அங்கிருந்து ஓய்வுக் காலத்தைக் கணக்கிட்டு, அக்டோபர் 26 அன்றுதான் மாத்திரையைத் தொடங்கினோம். நவம்பர் 12 காலை, 17ஆம் நாள், அதன் படுக்கையில் விரித்திருந்த வெள்ளை வேட்டித் துண்டில் இளஞ்சிவப்பாக ஒரு கறை. மருத்துவர் சொன்னபடி மேலும் இரண்டு நாள் கொடுத்துவிட்டு நிறுத்தினோம். மாத்திரைதான் பருவத்தை வரவழைத்தது.

20 ஜூன் 2023

மேட்டூர் அண்ணன் ஒருவர் எனக்குத் தனியாக எழுதிய கணக்கு சரியானது. தேனு ஏப்ரல் நடுவில் பருவத்துக்கு வந்ததென்றால், ஏழு மாதம் கூட்டினால் நவம்பர் நடு. மாத்திரை கொடுக்காவிட்டாலும் அது நவம்பரில் வந்திருக்கலாம். கேபர்கோலின் ஓய்வுக் காலத்தின் பிற்பகுதியில் கொடுத்தால் விரைவாகவும், முற்பகுதியில் கொடுத்தால் தாமதமாகவும் பருவம் வருகிறது என்பது ஆய்வுகளில் கண்டதுதான். ஒருசில நாய்களுக்கு ஒரு மாதத்துக்கு மேலும் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே மருந்து உண்மையிலேயே வேலை செய்கிறது. ஆனால் தேனு என்ற ஒரே ஒரு நாயை வைத்து, "மாத்திரைதான் வரவழைத்தது" என்று 18ஆம் தேதி நான் அடித்துச் சொன்னது தவறு. அந்த வாக்கியத்தை நீக்காமல் விட்டிருக்கிறேன். திருத்தம் இங்கே இருக்கிறது.

இதையே ஊசி போடுகிறவர்களின் புகழுக்கும் பொருத்திப் பாருங்கள். ஏழு மாதம் ஆகியும் வரவில்லையே என்று கவலைப்பட்டுத்தான் நாயைக் கொண்டுபோகிறோம். அந்த வேளையில் எதைக் கொடுத்தாலும் அடுத்த மாதத்துக்குள் வருகிற நாய்கள் நிறைய இருக்கும்.

25 ஜூன் 2023

தருமபுரி நண்பர் கேட்ட டெஸ்லோரெலின் பற்றி எனக்கு நேரடி அனுபவம் இல்லை, படித்தும் கேட்டும் அறிந்ததைச் சுருக்கமாக எழுதுகிறேன். அது தோலுக்கடியில் வைக்கிற அரிசி போன்ற குச்சி. வைத்தவுடன் பிட்யூட்டரியை ஒரேயடியாகத் தூண்டுவதால் ஒரு வாரத்துக்குள் பருவம் வந்துவிடும். ஆனால் அதே குச்சி உள்ளேயே இருந்தால் சில வாரங்களில் பிட்யூட்டரி களைத்து அடங்கி, பருவமே மாதக்கணக்கில் வராமல் போகும். வெளிநாடுகளில் ஆண் நாய்களுக்கு அறுவையில்லாக் கருத்தடையாக அதை விற்பதே இந்தக் குணத்தால்தான். எனவே முட்டை வெளியானதும் குச்சியை எடுத்துவிட வேண்டும், எடுக்க வசதியான இடத்தில் வைக்கவும் வேண்டும். சினை நின்ற பிறகு புரோஜெஸ்டிரோன் திடீரென்று இறங்கிக் கரு கலைவதும் இதில் உண்டு. அடிக்கடி ரத்தம் பார்க்க வசதியில்லாத ஊரில் இதைத் தொடங்கவே கூடாது என்பது என் எண்ணம்.

2 ஜூலை 2023

பருவம் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ரத்தம் கண்டதிலிருந்து 11ஆம் நாளும் 13ஆம் நாளும் சேர்க்க வேண்டும் என்ற பழைய கணக்கு எல்லா நாய்க்கும் பொருந்தாது. முன்பருவம் மூன்றே நாளில் முடிகிற நாயும் உண்டு, பதினேழு நாள் இழுக்கிற நாயும் உண்டு. பருவமே வருவதில்லை, சினையே பிடிப்பதில்லை என்று சொல்லப்படுகிற நாய்களில் பலவற்றுக்கு நாள் தவறியதே காரணம்.

நாயின் முட்டை வெளிவரும்போது முற்றியிருப்பதில்லை. வெளிவந்து இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் கருத்தரிக்கத் தயாராகிறது, அதன் பிறகு இரண்டு நாள் உயிரோடு இருக்கிறது. தேனுவுக்கு நவம்பர் 17இல் புரோஜெஸ்டிரோன் 0.7, 20இல் 1.2, 22இல் 2.4, 24இல் 5.6. இரண்டைத் தாண்டும்போது முட்டையை வெளியேற்றத் தூண்டும் எல்.எச். ஹார்மோனின் உச்சம், ஐந்தை ஒட்டி முட்டை வெளியேற்றம் என்பது கணக்கு. 26ஆம் தேதியும் 28ஆம் தேதியும் சேர்த்தோம். முட்டை வெளியான நாளிலிருந்து 63 நாள், ஒரு நாள் முன்பின்னாக. 24இலிருந்து எண்ணினால் ஜனவரி 26. குடியரசு தினத்தன்று இரவு பதினொன்றரைக்கு முதல் குட்டி விழுந்தது, விடிவதற்குள் ஏழு.

3 ஜூலை 2023

ஏழு என்று எழுதிவிட்டு, ஐந்துதான் பிழைத்தது என்பதை எழுதாமல் விட்டது உறுத்துகிறது. பருவத்தை நாம் முன்னுக்கு இழுக்கும்போது குட்டிகள் பிறக்கிற மாதத்தையும் நாமே தீர்மானிக்கிறோம். அதை நான் யோசிக்கவில்லை. நவம்பரில் சேர்த்தால் குட்டி ஜனவரிக் கடைசியில். ஏற்காட்டில் அந்த இரவுகளில் காப்பிக் களத்துத் தார்ப்பாயின் மேல் பனி சொட்டுச் சொட்டாக நிற்கும். பிறந்து முதல் இரண்டு வாரம் குட்டிக்குத் தன் உடம்பைத் தானே சூடாக்கிக்கொள்ளத் தெரியாது. கோணிக்கு மேல் கம்பளியும், ஓரத்தில் பல்பும் வைத்திருந்தோம். மூன்றாம் இரவு இரண்டு மணிக்கு மின்சாரம் போய், நாலரைக்கு வந்தது. படுக்கையின் விளிம்புக்கு நகர்ந்துவிட்ட இரண்டு குட்டிகள் குளிர்ந்து கிடந்தன. மார்பில் வைத்துத் தேய்த்தேன். ஒன்று சிறிது அசைந்தது, பிறகு அதுவும் இல்லை. ஒரு மாதம் பொறுத்து மருந்தைத் தொடங்கியிருந்தால், பிப்ரவரிக் கடைசியில் பிறந்திருக்கலாம்.

15 ஜூலை 2023

பெயர் சொல்லாத ஒருவர், நான்கு மாதத்துக்கு ஒரு முறை பருவம் வரவழைத்தால் ஆண்டுக்கு மூன்று ஈற்று எடுக்கலாமே என்று கேட்டிருக்கிறார். எடுக்கக் கூடாது. உள்தோல் ஆற நான்கைந்து மாதம் வேண்டும் என்று மேலே எழுதியிருக்கிறேன். சட்டமும் அதற்கு இடம் தரவில்லை: நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய 2017ஆம் ஆண்டு விதிகளின்படி 18 மாதம் நிறையாத பெட்டையைச் சேர்க்கக் கூடாது, அடுத்தடுத்த இரண்டு பருவங்களில் குட்டி எடுக்கக் கூடாது, எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கவும் கூடாது. உங்கள் நாய் எத்தனை வயதானது, எத்தனை முறை ஈன்றது என்பதை எழுதுங்கள். அதற்கு ஓய்வு எத்தனை தேவை என்பதைப் பற்றி வேண்டுமானால் பேசலாம்.

16 அக்டோபர் 2023

ஆத்தூர்த் தம்பியின் செய்தி இன்று காலை வந்தது. ஜூலையில் ஸ்டீராய்டு முழுவதும் நின்றது. அரிப்புக்கு உண்ணிதான் காரணம் என்று தெரிந்து, அதற்கான மருந்திலேயே தோல் ஆறிவிட்டது. அக்டோபர் 14 அன்று, எந்த ஊசியும் மாத்திரையும் இல்லாமல், நாய் பருவத்துக்கு வந்திருக்கிறது. மூன்று நாளாக எனக்கு இருந்த தலைவலியே போய்விட்டது தம்பி.

உடனே செய்ய வேண்டியவை: உங்கள் நாய்க்கும், சேர்க்கப் போகிற ஆண் நாய்க்கும் புருசெல்லா என்ற தொற்றுநோய்க்கான பரிசோதனை, குறிப்பாக ஆண் நாய் பல இடங்களுக்குப் போகிற நாய் என்பதால். அந்த நோய் கருவைக் கலைக்கும், மனிதருக்கும் தொற்றும். 19ஆம் தேதியிலிருந்து ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் பார்க்கத் தொடங்குங்கள்.

6 டிசம்பர் 2023

அக்டோபர் 25ஆம் தேதி புரோஜெஸ்டிரோன் 5.1; 27ஆம் தேதி ஒரு முறையும் 29ஆம் தேதி ஒரு முறையும் சேர்த்திருக்கிறார்கள். நவம்பர் 23 ஸ்கேனில் கரு தெரிந்தது என்று தம்பி எழுதியிருக்கிறார். எத்தனை குட்டி என்பதை ஸ்கேனை வைத்துச் சொல்ல முடியாது. 55ஆம் நாளுக்குப் பிறகு ஒரு எக்ஸ்ரே எடுத்தால் எலும்பை எண்ணிச் சொல்வார்கள், கடைசிக் குட்டி உள்ளே நின்றுவிட்டதா என்பதை அறிய அது உதவும்.

63 நாள் டிசம்பர் 27 அன்று முடிகிறது. 24ஆம் தேதியிலிருந்து காலையும் மாலையும் வெப்பம் பாருங்கள். 99 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அடுத்த ஒரு நாளுக்குள் ஈனும். ஆத்தூரில் மலைக் குளிர் இல்லைதான். ஆனாலும் மார்கழி, குட்டிகளும் ஈரத்தோடு விழும். பல்பு ஒன்று போதாது. மின்சாரம் போனால் வைக்க வெந்நீர் புட்டிகள் நான்கைந்தைத் துணி சுற்றி இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.